அஞ்சலி போஸ்டரில் ஒரு பிறந்த தேதி

ஷெர்வின்: மெதுவா... மெதுவா பிரி கெசியா. பசை இன்னும் காயல.

கெசியா: எங்க ஒட்டியிருந்துச்சு?

ஷெர்வின்: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சுவத்துல. வாக்கிங் போனேன்ல... பார்த்ததும் உரிச்சு எடுத்துட்டு ஓடி வந்தேன்.

கெசியா: “கண்ணீர் அஞ்சலி. கெசியா ஷெர்வின், பத்திரிகையாளர்.” பரவால்ல, போட்டோல கொஞ்சம் கலராத்தான் இருக்கேன்.

ஷெர்வின்: விளையாடாத! உயிரோட இருக்கறவளுக்கு போஸ்டர் அடிச்சிருக்கானுங்க. நல்லவேளை, நம்ம குட்டி எப்சி லீவுக்கு உங்கம்மாகூட ஊருக்குப் போயிட்டா. பார்த்திருந்தா?

கெசியா: யாரு அடிச்சது?

ஷெர்வின்: வேற யாரு? பட்டறை ரத்தினம் ஆளுங்கதான். ஞானசௌந்தரி டீச்சர் வீட்டைப் புடுங்கிட்டு, அந்தம்மாவை ஏரியில தள்ளினவனுக்கு இது ஒரு விஷயமா?

கெசியா: தள்ளினான்னு நீங்களே சொல்றீங்க. அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்.

ஷெர்வின்: நான் வீட்டுக்குள்ள சொல்றேன். நீ ஊருக்கே சொல்ற... ஆமா, பேப்பர் எங்க? வரலையா?

கெசியா: ராத்திரியெல்லாம் மழை பேஞ்சுதுல்ல... லேட்டா போடுவாங்க. காபி ஆறுது பாருங்க.

ஷெர்வின்: காபியா இப்ப முக்கியம்? ஞாயித்துக்கிழமை வரப்போற நியூஸை நிறுத்து. எடிட்டருக்கு இப்பவே போன் போடு.

கெசியா: டீச்சருக்கு யாருங்க இருக்கா? மகன் கனடாவுல. போலீஸ்ல அவங்களே வழுக்கி விழுந்து செத்துட்டாங்கன்னு எழுதி மூடிட்டாங்க. “என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு, என்னையே செருப்பைக் கழட்டிட்டு வான்றாங்கம்மா”ன்னு எங்கிட்ட அழுதாங்க. அந்த அழுகை இன்னும் காதுலயே இருக்கு.

ஷெர்வின்: உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கும் எப்சிக்கும் யாரு இருக்கா? அதைச் சொல்லு முதல்ல.

கெசியா: ...இது ஒண்ணுதான் ஒட்டியிருந்துச்சா?

ஷெர்வின்: ஒண்ணே ஒண்ணுதான்.

கெசியா: எப்படித் தெரியும்?

ஷெர்வின்: எப்படின்னா... தேடிப் பார்த்தேன்.

கெசியா: ரத்தினம் அப்பா செத்தப்போ பம்மல்லேருந்து தாம்பரம் வரைக்கும் சுவரெல்லாம் அவர் மூஞ்சிதான். எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணா?

ஷெர்வின்: இப்பவும் கிண்டலா?

கெசியா: தோற்றம்னு போட்டிருக்கே, அந்தத் தேதியைப் படிங்க.

ஷெர்வின்: நவம்பர் பதினேழு. உன் பர்த்டேதானே?

கெசியா: என் ஆதார்ல என்ன தேதி? ஆபீஸ்ல என்ன தேதி?

ஷெர்வின்: இப்ப எதுக்கு அதெல்லாம்?

கெசியா: ஜூன் ரெண்டு. ஸ்கூல்ல சேர்க்க அப்பா மாத்திக் குடுத்தது. ஆபீஸ்ல கேக் வெட்டறதே ஜூன்லதான். நவம்பர்ல எனக்கு கேக் வாங்கிட்டு வர்றது நீங்க ஒருத்தர்தான்.

ஷெர்வின்: கெசியா...

கெசியா: எங்க அடிச்சீங்க?

ஷெர்வின்: வண்டலூர்ல. நம்மளைத் தெரியாத கடையாப் பார்த்து... “எப்ப சார் இறந்தாங்க?”ன்னு கேட்டான். எனக்கு வாயே வரல. அதான் பாரு, மறைவுன்னு போட்டு தேதி போடாம விட்டுட்டேன்.

கெசியா: ஏங்க இப்படிப் பண்ணீங்க?

ஷெர்வின்: போன வாரம் சானடோரியம் ரயில் ஸ்டேஷன்ல ரத்தினம் ஆளு ஒருத்தன் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். போன்ல ஒரு வீடியோ காட்டினான். எப்சி ஸ்கூல் வேன்ல இருந்து இறங்குறா... வாட்டர் பாட்டிலை ஆட்டிக்கிட்டு. “நியூஸ் என்னைக்கு சார் வருது?”ன்னு ரொம்ப மரியாதையா கேட்டான்.

கெசியா: சொல்லிட்டீங்க.

ஷெர்வின்: ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள நானே நிறுத்திடறேன்னும் சொன்னேன். உங்கிட்ட கெஞ்சினா நீ கேக்க மாட்ட. பயந்தாவது நீ விட்டுடுவன்னு... தப்புதான். பெரிய தப்பு. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. எப்சிக்காகவாவது போன் போடும்மா.

கெசியா: அந்த வீடியோ எனக்குத்தாங்க முதல்ல வந்துச்சு. லீவு விட்டதுமே அவளை நாகர்கோவிலுக்கு அனுப்பினது அதுக்குத்தான். அடுத்து உங்ககிட்டதான் வருவாங்கன்னு தெரியும்... அதனாலதான் உங்ககிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். பேப்பர் காலையிலயே வந்துடுச்சு. அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு. முதல் பக்கத்துலயே நியூஸ், என் பேரோட.