கடைசி வயலின் நாய்கள்

எனக்கு நாய் என்றால் பயம். என் வாக்குமூலத்தை அங்கிருந்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அப்போதுதான் மற்றது சரியாக வரும்.

என் வேலை விளைச்சலை அளப்பது. ஒவ்வொரு பருவத்திலும் குலுக்கலில் ஒரு வயலின் எண் வரும். அந்த வயலில் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டர் சதுரத்துக்குள் நிற்கும் கதிரை அறுத்து எடை போட வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எடை குறைந்தால் ஊருக்கே வறட்சி மானியம். கூடினால் யாருக்கும் இல்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. எண் மேஸ்திரியின் வயலுக்கு விழுந்தது. கொத்து வேலையை விட்டுவிட்டுச் சோளம் போட்டவர். பழைய பெயர் மட்டும் அவரை விடவில்லை. டீக்கடையில் வெற்றுப் படிவத்தை நீட்டினேன். முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

"படிச்ச பொண்ணு, தப்பாவா எழுதப்போற?" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

அவருடையது கடைசி வயல். வரப்பில் இரண்டு நாய்கள் நின்றன. நான் திரும்பி வந்து, சாலையோரத்தில் கிணற்றுத் தண்ணீர் பாயும் வயலில் கயிறு கட்டினேன். ஒன்பது கிலோ. படிவத்தில் மேஸ்திரியின் வயல் எண்ணை எழுதினேன்.

மானியப் பட்டியலில் ஊர் இல்லை. மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏம்மா, என் வயல்லயா ஒம்போது கிலோ? கதிரோட சேர்ந்து நீயும் தராசுல ஏறி நின்னியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

மறு அளவீடு உண்டு என்றேன். அது உண்மை. "ஆனா பயிர் அப்படியே நிக்கணும். ஒரு கதிர் குறைஞ்சாலும் செல்லாது." அதுவும் உண்மை. மனு எழுதிக் கொடுத்தார். மேலே அனுப்பினால் அளக்க வேறு ஆள் வருவார். அதனால் இழுப்பறையில் வைத்தேன்.

அந்த மின்விசிறியை நிறுத்த முடியுமா? வேண்டாம், ஓடட்டும்.

அடுத்த ஆறு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இழுப்பறையைத் திறப்பேன், மூடுவேன். ஜன்னலுக்குப் போய் மேகம் பார்ப்பேன். ஒரு மழையில் பயிர் சாய்ந்துவிட்டால் அளக்க ஒன்றும் இருக்காது. பெய்யவில்லை. மற்றவர்கள் சோளத்தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். மேஸ்திரி மட்டும் வெயிலில் உட்கார்ந்து, மாடும் குருவியும் அண்டாமல் பயிரைக் காத்தார்.

அவர் மகள் போன் செய்வாள். "அக்கா, அப்பா சோத்துக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டேங்குறார். எப்ப வருவீங்க?"

"அடுத்த வாரம்." ஆறு தடவை அதையே சொன்னேன்.

ஏழாவது தடவை போன் செய்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பா வரப்பிலேயே சுருண்டு விழுந்து இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கயிறும் தராசும் எடுத்துக்கொண்டு போனேன். மறு அளவீட்டுக்கான கெடு முடிந்து பல நாளாகியிருந்தது. ஆனாலும் சரியான எடை எனக்குத் தெரிந்தாக வேண்டும். கயிற்றின் மறுமுனையை மகள் பிடித்தாள். "நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டே இருந்தார்க்கா. வந்துட்டீங்க." ஒரு கிலோ நூறு கிராம்.

நாய்கள் குரைக்கவில்லை. என் காலை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டன.

நாயைக் கட்டுங்கள் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேஸ்திரி கட்டியிருப்பார். ஆனால் அதிகம் பழகாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.