வலை ஈயம் உருக்கிய குண்டு

வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ். ஜெயிலில் இருக்கும் புருஷனுக்கு மடியில் சோற்றுப்பொதி வைத்திருந்தவள், என் முன்சீட்டில் சொன்னாள்:

"துப்பாக்கியில பொடிக்குண்டு போட்டிருந்தா கொழுந்தன் பிழைச்சிருப்பான், மாமி."

பக்கத்திலிருந்த வயதானவள் கேட்டாள்:

"பின்ன உன் மாப்பிள எதுக்கு மக்கா ஒற்றைக்குண்டு போட்டான்?"

"மிளா மான் வெடிவைக்கல்லா போனாவ. பொடிக்குண்டு பட்டா அது ஓடி ஓடித் துடிச்சுச் சாவும், பாவமாக்கும்ணு சொல்லி, மீன்வலையில கட்டுத ஈயத்த உருக்கி அவியளே பெரிய குண்டா ஊத்தினாவ."

"ரப்பர் தோட்டத்துக்குள்ள நிண்ணது தம்பிண்ணு தெரியல்லியா?"

"மஞ்சு மூடிக் கிடந்துது. மிளாண்ணு நினைச்சாவ."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பொதியை இறுக்கிப் பிடித்தாள்.

"கொழுந்தன் துடிச்சானா, மக்கா?"

"இல்ல மாமி. விழுந்த இடத்திலேயே போயிட்டான். நல்ல குண்டாக்கும்."