முப்பத்தொரு வீடுகளைத் தேடிச் சென்ற ஆதாரம் அக்காவுக்கு

அறிவாலயத்தின் அச்சாணியே! அடுக்கடுக்காய் நிற்கும் நூல்களின் அகமறிந்த அன்னையே! எவர் எதைச் சொன்னாலும் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டுக் கேட்டே ‘ஆதாரம் அக்கா’ என்று அழைக்கப்பட்ட எங்கள் நூலகக் குறிப்புதவிப் பகுதியின் தலைவியே! பணிநிறைவு பெறும் தங்களுக்குப் பணிவான வணக்கம்.

வீட்டுக்குக் கொடுக்காத நூல்கள் மட்டுமே இருக்கும் வடக்கு அறையைத் தாங்கள் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்டீர்கள். ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாமலே உலக மக்களையெல்லாம் நான்கு அலமாரிகளில் சந்தித்தீர்கள். மானிடவியல் மாணவர் ஒருவர் ஏதோ ஓர் இனத்தின் திருமண முறையைப் பற்றி ஒரு வரி கேட்டு வந்தால் போதும். கலைக்களஞ்சியத்தில் தொடங்கி, நிலப்படநூலில் இடங்காட்டி, மொழிக் கையேட்டில் உறவுச்சொற்களைப் புரட்டி, நூற்பட்டியலில் மூலத்தைப் பிடித்து, அவர் பசி தாங்காமல் எழுந்து ஓடும்வரை விடமாட்டீர்கள். ஒரே நூலைப் பார்த்து விடை சொல்லக் கூடாது என்பது தங்கள் சட்டம். மீறியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சட்டத்தை நாங்கள் மீறிய கதையை மறைத்துவிட்டுத் தங்களைப் புகழ்ந்தால் இது வெறும் முகத்துதி ஆகிவிடும். ஆகவே சொல்கிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் விடுப்பில் இருந்த நாளில், நில அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆற்றோரம் குடியிருந்த தொல்குடியினரைப் பற்றிக் கேட்டார். அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தக் கூடாது என்று சட்டம் இருந்தது. நாங்கள் உலக மக்கள் கலைக்களஞ்சியத்தின் புதிய பதிப்பை மட்டும் திறந்தோம். ‘இவ்வினத்தார் இன்று எவரும் இல்லை’ என்றிருந்தது. படியெடுத்து, உண்மை நகல் என்று முத்திரை குத்தி, சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்பினோம். பத்து நிமிட வேலை. இல்லாதவர்களுக்குச் சட்டம் எதற்கு என்று சொல்லி, அந்தத் தாளை வைத்தே முப்பத்தொரு வீடுகளை இடித்தார்கள்.

அடுத்த வாரம் வீடிழந்தவர்களில் ஒரு தையற்காரம்மா வந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். தாங்கள் படித்தீர்கள். “ஆத்தங்கரை இங்கேருந்து நடக்கிற தூரம்தானே? யாராவது வந்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?” என்று அவர் கேட்டார். “பார்த்திருக்கணும்மா. தப்பு எங்களோடது,” என்றீர்கள். ‘அன்று நான் விடுப்பில் இருந்தேன்’ என்று தாங்கள் அவரிடமும் சொல்லவில்லை, பின்னர் எங்கள்மேல் நடந்த விசாரணையிலும் சொல்லவில்லை. எங்கள் தலை தப்பியது அதனால்தான்.

பிறகு நான்கு பதிப்புகளையும் மேசையில் பரப்பினீர்கள். முதலாவதில் நாற்பது குடும்பங்கள். இரண்டாவதில் சில குடும்பங்கள். மூன்றாவதில் அருகிவரும் இனம். நான்காவதில் எவரும் இல்லை. நான்கிற்கும் மூலம் யாரோ ஒருவரின் ஒரே பழைய பயணக் குறிப்பு. அதன்பின் எவரும் அங்கே கால் வைக்கவில்லை. பக்கத்தை மிச்சப்படுத்தப் பதிப்புக்குப் பதிப்பு வரிகளைக் குறைத்ததில் மக்களே குறைந்துபோனார்கள்.

பதிப்பகத்துக்கு எழுதினீர்கள். அச்சான சான்று வேண்டும் என்று பதில் வந்தது. ஞாயிறுதோறும் தையற்காரம்மா வழிகாட்ட, சிதறிப்போன குடும்பங்களைத் தேடி அலைந்தீர்கள். பெயர்களையும் உறவுச்சொற்களையும் எழுதினீர்கள். மூன்றாம் ஆண்டு அந்த அம்மா ஒரு வாடகை அறையில் மூச்சுத்திணறி இறந்தார். அதன்பின் அவர் மகளோடு அலைந்து, எழுதியதை நூலாக்கி, கைக்காசில் அச்சிட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பினீர்கள். பணி ஓய்வுக்குள் அந்த வரி மாற வேண்டும் என்பதைத் தவிரத் தாங்கள் வேறெதற்கும் ஆசைப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

சென்ற செவ்வாயன்று ஐந்தாம் பதிப்பு வந்தது. பெட்டியைத் தாங்களே பிரித்தீர்கள். வரி அப்படியே இருந்தது. மூலம் மட்டும் மாறியிருந்தது. நில அலுவலக அறிக்கையையும், அதில் இணைக்கப்பட்ட எங்கள் முத்திரை நகலையும் சான்றாகக் காட்டியிருந்தார்கள். தங்கள் நூலைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாங்கள் நூலை மூடிவிட்டு, கைகழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

இவ்விழாவுக்குத் தையற்காரம்மாவின் மகளை அழைக்கப் போனோம். “வர்றேன். என்னை யாருன்னு சொல்லி உட்கார வைப்பீங்க?” என்று கேட்டார். இன்று அவர் வந்து தங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

பெருமைக்குரியவரே! நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று பிறர் வாழ்த்துவது மரபு. நாங்கள் வாழ்த்துவது பயத்தினால். அந்த மக்களின் பெயரையும் முகத்தையும் ஒருசேர அறிந்த வெளியார் இவ்வூரில் தாங்கள் ஒருவர்தான். இனி ஞாயிறுதோறும் நாங்களும் தங்களோடு வருகிறோம். அவர்களை எங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும் வரையேனும் நலமாய் இருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் மன்னிப்பை இன்றுவரை கேட்கத் துணியாத
குறிப்புதவிப் பகுதி ஊழியர்கள்