கடல் பக்கத்துக் கதவு

பெசன்ட் நகரில் புல் வளர்ப்பது சிரமம். உப்புக்காற்று எதையும் வேர் பிடிக்க விடாது. ரிட்டையரான பிறகு நான் கடற்கரைப் பூங்காவின் காரியதரிசியாக இருந்து, லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, அந்தப் புல்தரையைக் கொண்டுவந்தேன். பெயர் ரகுபதி என்று எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

பூங்காவின் மதிலுக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் குடிசைகள். வேலம்மா அங்கேதான் இருந்தாள். காலையில் பூங்காவைப் பெருக்குவாள். அவள் மகள் தாயம்மா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. புருஷன் துரைராஜ் காசிமேட்டில் படகு வேலைக்குப் போயிருந்தான்.

போன வருஷ மழையில் கடல் ஏறி வந்தபோது, மதிலில் இருந்த கடல் பக்கத்துக் கம்பிக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். குடிசைக்காரர்கள் பூங்கா மண்டபத்தில் தங்கினார்கள். மழை விட்டும் போகவில்லை. பெஞ்சுப் பலகையை உடைத்து அடுப்பெரித்தார்கள். மண்டபம் கட்டிக்கொடுத்த நகைக்கடை ராஜரத்தினம் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"யாரைக் கேட்டுக் கதவைத் தொறந்தீய? இது என்ன சத்திரமா?"

அதற்குப் பிறகுதான் மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கச் சொன்னேன். கதவுக்குப் பெரிய பூட்டு போட்டேன்.

இந்த ஐப்பசியில் புயல் வந்த அன்று, குரோட்டன்ஸ் செடிகளைக் கட்டிவைக்க மத்தியானம் பூங்காவுக்குப் போனேன். மற்றவர்கள் காலையிலேயே மணல் பாதை வழியாக ரோட்டுக்குப் போய்விட்டார்கள். வேலம்மா மட்டும், புருஷன் வந்துவிடுவான் என்று காத்திருந்திருக்கிறாள். குழந்தையோடு கதவண்டை வந்து நின்றாள்.

"ஐயா, கதவத் தொற ஐயா. தண்ணி உள்ள வந்துகினு கீது."

"சுத்திப் போம்மா."

"எங்க சுத்தறது? பாத முயுகிப் போச்சு ஐயா."

அது எனக்கும் தெரியும். மண்டபத்திலிருந்து பார்த்தபோது, பாதை இருந்த இடத்தில் அலை ஓடிக்கொண்டிருந்தது.

சாவி இல்லை என்றேன். அவள் சண்டை போடவில்லை. குழந்தையைத் தூக்கிக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள்.

"இத்த மட்டும் வாங்கிக்கோ ஐயா. நான் எப்டியாச்சும் போய்க்கறேன்."

கையும் காலும் நுழைந்தன. தலை நுழையவில்லை. குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வலிக்காமல்தான் விடுவித்தேன்.

அடுத்த அலை மதிலில் மோதியது. அது வடிந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

துரைராஜ் மறுநாள் வந்தான். "நீங்க இங்க இருந்திருந்தா தொறந்து வுட்டிருப்பீங்க ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

சாவி முன்பே தொலைந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னது பொய். என் இடுப்பில்தான் இருந்தது. அவள் பேசிய நேரமெல்லாம் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அவர்கள் இரண்டு பேரையும் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று, நீங்களும் யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் திறந்திருந்தால், அடுத்த மழைக்கும் வந்து நின்றிருப்பார்கள்.