பட்டுச் சாக்கின் அடித்தையல்

கிராய்: இன்னும் முடியலையா, சம்லிக்கா? அக்கரைக்குப் போக ஆத்தங்கரையில படகு காத்துக்கிட்டு நிக்குது.

சம்லி: நிக்கட்டும். காவல் தலைவருக்கென்ன, வாளை உருவினா வேலை முடிஞ்சுது. ஊசி அப்படியா?

கிராய்: ஒரு சாக்குதானே...

சம்லி: இளவரசனைப் போட்டுக் கட்டற சாக்கு! ராஜ ரத்தம் மண்ணுல சிந்தினாத்தான் பாவமாம். பட்டுக்குள்ள மூடி, சந்தனக் கட்டையால அடிச்சுக் கொன்னு ஆத்துல விட்டா பாவம் இல்லையாம்!

கிராய்: மெதுவாப் பேசுங்க. அயுத்தயா சிம்மாசனம் இப்ப எங்க சுபன்புரி வம்சத்துக் கையில.

சம்லி: நேத்து வரைக்கும் எங்க லோப்புரி வம்சத்துக் கையில. அவங்க மட்டும் உங்காளுங்களை விட்டு வச்சாங்களா? அவங்களைப் போட்டுக் கட்டின சாக்கையும் நான்தான் தச்சேன். ஆனா இவன்... மீசை கூட முளைக்கலை.

கிராய்: இவன் அம்மா எங்க ஊர்ப் பொண்ணுதான், அக்கா. ரெண்டு வம்சத்துச் சண்டையும் தீரட்டும்னுதான் உங்க ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தாங்க.

சம்லி: நல்லாத் தீந்துது! தாய்மாமன் சிம்மாசனத்துல, மருமகன் சாக்குல.

கிராய்: சரி, கொடுங்க பார்ப்போம்... என்னக்கா, அடித்தையல் இப்படி இளகிக் கெடக்கு?

சம்லி: கண்ணு மங்கிப் போச்சு.

கிராய்: என் மகளுக்குக் கல்யாணத் துணி தச்சீங்களே, தையல் எங்கேன்னு தேட வேண்டியிருந்துது. அப்ப மங்கலையா?

சம்லி: அது அப்ப.

கிராய்: உள்ளேயிருந்து ஒரு உதை விட்டாப் போதும், பிரிஞ்சிடும். அதுவும் படகு நடு ஆத்துல போறப்ப...

சம்லி: பிரியட்டுமே! மீன்குஞ்சு மாதிரி நீந்துவான் அவன். நீங்க கொஞ்சம் வேற பக்கம் பாருங்க. படகுலேருந்து சாக்கு நழுவி ஆத்தோட போச்சுன்னு சொல்லுங்க. கட்டின சாக்கைப் பிரிச்சுப் பாக்க யாருக்கும் உரிமை இல்லையே...

கிராய்: பிரிச்சிட்டு இறுக்கித் தைங்க. ரெட்டைத் தையலாப் போடுங்க.

சம்லி: எங்க ஊர்ப் பொண்ணு பெத்த பிள்ளைன்னு உருகினதெல்லாம் வாய்ப்பேச்சுதானா?

கிராய்: நேரமில்லைக்கா, தைங்க.

சம்லி: மாட்டேன். என் தலையை வேணா எடுத்துக்கோ!

கிராய்: எடுக்கத்தான் போறாங்க, என் தலையையும் சேத்து. உள்ள வைக்கப் போறது வெறும் வாழைமரத் துண்டுதான், அக்கா, பிரிஞ்சா ஊரே பாக்க மிதக்கும்... பிள்ளை காலையிலேயே என் பொண்டாட்டி படகுல, வெத்தலைக் கூடைக்கு அடியில படுத்துக்கிட்டு வடக்க போயிட்டான்.