முந்திரி ஏன் நின்றது

கேரட் வாங்கும்போது நுனியை உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும், சார். பட்டென்று உடைந்தால் நல்ல கேரட். வளைந்து கொடுத்தால் கூடையிலேயே போட்டுவிடலாம். முந்திரிக்கு நான் வாங்கிப் போனதெல்லாம் பட்டென்று உடைந்தவைதான். முந்திரி என் மனைவியின் குதிரை. வறுத்த முந்திரியின் நிறம், அதனால் அந்தப் பெயர். அது திமிர் பிடித்த குதிரை, ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும் என்று லாயத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அநியாயம். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. வாக்குமூலத்தில் இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மற்றதை உங்கள் இஷ்டப்படி எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர். மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். என் மனைவி பல் டாக்டர். நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்துவிட்டு வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே அடுத்து எங்கே கிளம்பலாம் என்று யோசிக்கிற ஆள். வீட்டில் அவளுக்குக் கால் தரிக்காது. கல்யாணமான புதிதில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். சும்மா சவாரி போவதில்லை, குறுக்கே கம்பு வைத்து அதன் மேல் குதிரையோடு பாய்கிற தடை தாண்டல். எனக்கோ குதிரையைக் கண்டாலே பயம். வேலிக்கு வெளியே அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு கோடையில் அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தக் கோடைகாலத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே கிடையாது. அவள் தலைக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். முதலில் கோணல்மாணலாக வந்தது, பிறகு பழகிவிட்டது. நான் சூப் ஊதிக் கொடுப்பேன், அவள் குடிப்பாள்.

"இந்த வீட்ல இத்தனை ஜன்னல் இருக்குன்னு இப்பதாங்க தெரியுது," என்பாள். சில நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்பாள். கேட்கக் கேட்க எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

எலும்பு கூடிவிட்டது. கூடித்தானே ஆக வேண்டும். தலையைத் தானே வாரிக்கொள்ள ஆரம்பித்தாள், மறுபடி வேலைக்குப் போனாள், ஜன்னல்களை மறந்தாள். சில வருஷம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "மறுபடியும் தடை தாண்டப் போறேங்க. ஒரு புதுக்குதிரை வாங்கப் போறேன். எனக்குத் தாண்டுறது மறந்துபோச்சு, அதுக்கு இன்னும் தாண்டவே தெரியாது. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

நானும் சிரித்தேன். அவள் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை.

அவளுடைய கோச் கறாரான பெண்மணி. என்னை வேலியருகே பார்த்து அவர்தான் விளக்கினார்: "புதுக்குதிரை உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிதான் சார். முதல்ல யாரு என்ன சொல்லிக்குடுக்குறாங்களோ, அதுதான் மனசுல நிக்கும்." எனக்குள் இருந்த வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. தடைக்குச் சற்று முன்னால் நாக்கைத் தட்டி 'ட்ச்' என்று ஒரு சத்தம் கொடுப்பாள். தாண்டு என்று குதிரைக்குச் சொல்கிறாளாம். அவளை அறியாமலே வரும். "பல்லிச் சத்தம் வேண்டாம் டாக்டர், காலால சொல்லுங்க," என்று கோச் அந்தக் காலத்திலேயே திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

முந்திரி வந்ததும் நான் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் லாயத்துக்குப் போக ஆரம்பித்தேன். குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல மனுஷர். "சாருக்கும் பயம் தெளியட்டும்," என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார். முந்திரியைக் கம்புவரை நடத்திப் போவேன். 'ட்ச்' என்பேன். அது நின்றால் கேரட். நிற்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து. கோபமே படமாட்டேன், பிள்ளைகளிடமும் அப்படித்தான். பிறகு நடையிலிருந்து ஓட்டத்துக்குப் போனோம். ஓடி வரும்போதே சத்தம் கேட்டால் நாலு காலையும் ஊன்றி நின்று, என் கையைத் தேடும். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதில்லை. யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் எதையும் சொல்வது அவளிடம்தான், இதை அவளிடம் சொல்ல முடியாதே.

அவளுடைய பாடம் தரையில் கிடந்த கம்பில் ஆரம்பித்தது. அதற்கு 'ட்ச்' தேவைப்படவில்லை. வீட்டுக்குப் பாடிக்கொண்டே வருவாள். "இன்னைக்குக் கம்பை மோந்து பாத்துட்டு, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி தாண்டிப் போச்சுங்க," என்று நடந்தே காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கம்பை உயர்த்திய நாளில் நான் அங்கே இல்லவே இல்லை. வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். யாரும் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. சத்தம் கொடுத்ததும் அவளேதான். முந்திரி நின்றது, அவள் மட்டும் கம்புக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாள். இடுப்பெலும்பாகத்தான் இருக்கும், இன்னொரு கோடைகாலம் கிடைக்கும் என்று நினைத்தேன். முதுகெலும்பு என்று யார் கண்டது? அதற்காக நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன், சார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி சூப், பின்னல், ஜன்னல். வீடு வீடாக இருந்தது. அந்தக் குதிரைக்காரர் அவளைப் பார்க்க வராமல் இருந்திருந்தால் இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

"நீங்க விழுந்தப்புறமும் அது கோச் அம்மா கையை மோந்துக்கிட்டே நின்னுதும்மா," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சார் தினமும் கேரட் குடுப்பாருல்ல, அதைத் தேடுது போல."

"சார் குடுப்பாரா? எப்ப குடுப்பாரு?" என்றாள்.

"கம்புகிட்ட கூட்டிட்டுப் போயி 'ட்ச்'சுனு ஒரு சத்தம் விடுவாரும்மா. டக்குனு நிக்கும். சாருக்கு நல்ல கை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அவருக்கு டீ போட்டுக் குடுங்க," என்றாள். நான் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் நீங்கள் போலீஸ் வண்டியோடு வந்துவிட்டீர்கள். கோச் அம்மாதான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். என் மனைவியே போன் செய்தாள் என்று வண்டியில் வரும்போது நீங்கள் சொன்னதிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய போன் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஆளாளுக்கு நலம் விசாரித்து அவளைக் களைப்பாக்குகிறார்கள் என்று நான்தான் அங்கே எடுத்து வைத்தேன். நானே எக்கித்தான் எடுக்க வேண்டும். நான் கடைக்குப் போயிருந்தேன், வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் எழுந்து நின்றிருக்கிறாள். கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, தானாக எழுந்து, கையை உயர்த்தி எடுத்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு நிற்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று பெரிய டாக்டரே கைவிரித்திருந்தார், சார்.

நான் அவளை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?