தம்பி சொன்ன வரி

டீ வாணாம் சார். கதவு தெறந்தே இருக்கட்டும், காத்து வருது. நீ இன்னொரு தபா மொதல்லேர்ந்து சொல்லு.

எங்க நைனா உயிலு எழுதாம பூட்டாரு. வூடு எனக்கும் என் தம்பி பிரகாஷுக்கும் பாதிப் பாதி வந்துட்ச்சி. அப்டி வந்ததுக்கு வரி கெடையாது. சரி. அப்போ வித்தா? லாபத்துக்கு மட்டுமா? விக்கிற காசு மொத்தத்துக்கும் இல்லியா? நல்லா யோசிச்சி சொல்லு சார். பொஸ்தகத்த பாத்துட்டு சொன்னாலும் பரவால்ல, நான் குந்திகினுதான் கீறேன்.

நான் அந்த வூட்ட வாங்கவே இல்லியே, எனுக்கு இன்னா லாபம்? ஓ, நைனா குடுத்த வெலைய கழிப்பாங்களா. அவுரு ஹார்பர்ல மூட்ட தூக்கி வாங்கனது சார், திருவொற்றியூர்ல, கடலாண்ட. அப்போ ஒருத்தன் எட்டிப் பாக்கல. இப்போ மெட்ரோ வந்துட்ச்சி, வாசல்லயே வந்து வெல பேசறானுங்கோ.

என் பங்குல வர்ற லாபத்த போட்டு கெடுவுக்குள்ள வேற வூடு வாங்கிட்டா அந்த வரியும் கட்ட வாணாமா? சட்டத்துலயே கீதா? இன்னா சார், கேக்கறதுக்கெல்லாம் எனுக்கு நல்லதாவே சொல்லிகினு போற. உன்னாண்ட யாராவது முன்னாடியே பேசிட்டாங்களா?

கோச்சிக்காத. காசிமேட்ல மீன் எடுத்து விக்கிறவ நான். பொட்டியில மேல கீற மீன் பளபளன்னுதான் இருக்கும். கைய உள்ள வுட்டு அடியில கீறத இழுத்து மோந்து பாத்துட்டுதான் வெல கேப்பேன். பழகிட்ச்சி.

என் தம்பி வேற மாதிரி சொல்றான் சார். அக்கா, வித்தா உன் பங்குல பாதி வரிக்கே பூடும், நோட்டீஸ் வரும், ஆபீஸ் ஆபீஸா அலைய வுடுவாங்கோ, உன்னால முடியாது. பேசாம உன் பங்க எனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடு, நான் வித்து உன் காச உன் கையில குடுத்துடறேன்னு சொல்றான்.

எழுதிக் குடுத்துட்டா அப்பறம் வூட்ல எனுக்கு ஒண்ணுமே இல்லியா? அவன் தரலன்னா கேக்கக்கூட முடியாதா? ம்.

அவன் படிச்சவன் சார். அம்மா போனப்பறம் நான்தான் படிக்க வெச்சேன். கூடைய தூக்கிகினு தெருத்தெருவா போவேன், ஸ்கூல் வாசல்ல அவன வுட்டுட்டு. மீன் நாத்தம் வரும், நீ உள்ள வராதக்கான்னு சொல்லுவான். சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்னு சிரிச்சிக்குவேன்.

இல்ல, அவனா சொல்லல சார். ஆடிட்டர் சொன்னாருன்னான். எந்த ஆடிட்டருன்னு கேட்டேன். தேரடியில, மாடியில கீறாரே ராமதாஸ் சாரு, அவுருன்னான். கீழ போர்டுல உன் பேர்தானான்னு ரெண்டு பேர படிக்க சொல்லிட்டுதான் மேல ஏறுனேன்.

பிரகாஷ் சார். கோதண்டம் புள்ள. ஒசரமா இருப்பான், மூக்காண்ட ஒரு தழும்பு. இந்தா, போட்டோவ பாரு. நல்லா பாரு. வரவே இல்லியா? போன்லயாவது பேசியிருப்பான். அதுவும் இல்லியா.

நீதான் பொய் சொல்லி அவன ஏமாத்திட்டன்னு நெனச்சி வந்தேன் சார். சண்ட போடத்தான் வந்தேன். நீயா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

வரேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல என் கையெழுத்துக்காக காத்துகினு கீறான். போட மாட்டேன், ரெண்டு பேரும் சேந்தே விக்கலாம், அவங்கவங்க வரிய அவங்கவங்க கட்டிக்கலாம்னு சொல்லிடறேன். உன்ன வந்து பாத்தத மட்டும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத சார். தெரிஞ்சா அப்பறம் அவனால என் மூஞ்சிய பாக்க முடியாது.